ஒரு முட்டைக்கோஸ் நாற்றின் வரலாறு

நாற்று என்றவுடன் தமிழர்களுக்கு நெல்தான் நினைவுக்கு வரும். நாற்றங்காலில் விதைத்து, பருவம் வந்ததும் பறித்து, முடிச்சு முடிச்சாகக் கட்டி, வயலில் நடுவது இங்கே காலங்காலமாக நடக்கிற வேலை. ஐரோப்பாவில் இதே மரியாதை கிடைத்த பயிர் ஒன்று உண்டு. அது முட்டைக்கோஸ்!

முட்டைக்கோஸ், காலிபிளவர், நூல்கோல், பிராக்கோலி எல்லாம் பார்க்க வேறு வேறாக இருந்தாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் 'பிராசிகா ஒலரேசியா' என்று பெயர். ஐரோப்பாவின் கடற்கரைகளில் தானாக முளைத்துக் கிடந்த ஒரு கீரைச்செடியிலிருந்து மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கிய குடும்பம் இது. இலையைப் பெருக்கினால் முட்டைக்கோஸ், தண்டைப் பெருக்கினால் நூல்கோல், பூங்கொத்தைப் பெருக்கினால் காலிபிளவர்.

இந்தக் குடும்பத்தின் நாற்றைத் திடமாக வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் பின்னால் சுமார் 2,000 வருட வரலாறு இருக்கிறது. ரோமானிய விவசாயி, பிரெஞ்சு மன்னரின் தோட்டக்காரர், பாரிஸ் நகரத்துக் குதிரைகள், ஒரு பணக்கார ரஷ்ய விஞ்ஞானி, சார்லஸ் டார்வின் என்று பலரும் அதில் வருகிறார்கள். ஒரு நகரத்தின் தோட்டக்காரர்கள் பிழைப்பை இழந்து நின்ற சோகமும் அதில் உண்டு.

நேரே விதைத்தால் என்ன?

குளிர் நாடுகளில் வசந்த காலம் என்பது ஒரு பந்தயம் மாதிரி. மார்ச், ஏப்ரல் வரை இரவில் உறைபனி விழும். மண் சில்லென்று இருக்கும். விதையைப் போட்டால் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். சரி, மே மாதம் வரை பொறுத்து விதைக்கலாம் என்றால், முட்டைக்கோஸ் நன்றாகத் தலை கட்டும் காலத்தில் கோடை வெயில் வந்துவிடும். இதுவோ குளிர்ச்சியை விரும்பும் செடி. வெயில் அதிகமானால் காலிபிளவரின் பூ சரியாகத் திரளாது. முட்டைக்கோஸின் தலை தளர்ந்து போகும்.

இதற்கு ஒரே வழி, வெளியே பனி கிடக்கும்போதே பாதுகாப்பான ஓர் இடத்தில் விதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வளர்த்து, மண் இளகியதும் கொண்டுபோய் நடுவதுதான். அப்படி நட்டால் செடிக்கு ஒரு மாதத்துக்கும் மேல் மிச்சமாகும்.

அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. குளிர்காலத்துக்காகச் சேமித்த தானியமும் கிழங்கும் தீர்ந்து போயிருக்கும். புதிய விளைச்சலும் வந்திருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் ஏழைக் குடும்பங்களின் பானையில் பச்சையாக ஏதாவது விழ வேண்டுமென்றால், பிப்ரவரியில் யாரோ ஒருவர் நாற்றுக்கு விதை போட்டிருக்க வேண்டும்.

ரோமானியர்களின் கடல்பாசி

ரோமானியர்களுக்கு முட்டைக்கோஸ் மேல் தனிப் பிரியம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் விவசாய நூல் எழுதிய கேட்டோ, அதை மருந்துகளின் ராஜா போலப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். அப்போது அவர்களிடம் இருந்தது இன்றைய உருண்டை முட்டைக்கோஸ் இல்லை. பெரும்பாலும் இலை விரிந்த கீரை வகைகள்தான்.

நாற்று விஷயத்தில் முக்கியமானவர் கி.பி. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொலுமெல்லா. நாற்றுக்கு ஆறு இலை வந்ததும் எடுத்து நட வேண்டும் என்று அவர் எழுதி வைத்தார். நடுவதற்கு முன் வேரைக் கரைத்த எருவில் தோய்க்கச் சொன்னார். பிறகு கடல்பாசியை நாடா மாதிரி மூன்று சுற்று சுற்றி நடச் சொன்னார்! குளிரும் மழையும் அதிகமுள்ள இடங்களில் ஏப்ரல் மாத நடுவுக்குப் பிறகு நடுவது நல்லது என்பதும் அவர் சொன்ன கணக்கு.

கடல்பாசி சுற்றினால் காய் சீக்கிரம் வேகும், பச்சை நிறம் மாறாது என்று அவர் நம்பினார். அந்தக் காரணத்தை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் பிடுங்கிய நாற்றின் வேர் காற்றில் காயக் கூடாது என்பதை அவர் சரியாகப் பிடித்திருந்தார். ஈரமான எருவும் பாசியும் அந்த வேலையைச் செய்திருக்கும்.

கண்ணாடிக் கூரைக்கும் ரோமானியர்களே முன்னோடிகள். திபேரியஸ் சக்கரவர்த்திக்குத் தினமும் வெள்ளரி வேண்டும் என்பதற்காகச் சக்கரம் பூட்டிய பாத்திகளில் செடிகளை வளர்த்தார்கள். பகலில் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். குளிர் வந்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய கல்தகடுகளுக்கு அடியில் வைப்பார்கள். பிளினி இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது சக்கரவர்த்தி வீட்டு வசதி. சாதாரணத் தோட்டக்காரனுக்கு எட்டாது.

குதிரை லத்தியின் சூடு

சாதாரணத் தோட்டக்காரனுக்கு எட்டிய அடுப்பு வேறு. அதற்கு விறகு வேண்டாம், தீ வேண்டாம். குதிரை லத்தி போதும்!

வைக்கோல் கலந்த புதுக் குதிரை லத்தியைக் குவித்து வைத்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிவரும். முதல் சில நாட்கள் கை வைக்க முடியாத சூடு இருக்கும். அது தணிந்து இதமான வெதுவெதுப்பு வந்ததும், மேலே மண்ணைப் பரப்பி விதைப்பார்கள். சுற்றிலும் மரச்சட்டம், மேலே கண்ணாடி. இப்படிப்பட்ட சூட்டுப்பாத்தி வாரக்கணக்கில் வெப்பம் தரும். வெளியே பனி, உள்ளே வசந்தம்.

14-ஆம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனைக் காய்கறித் தோட்டத்தை 1678 முதல் 1683 வரையான காலத்தில் உருவாக்கியவர் லா கெந்தினி. இந்தச் சூட்டுப்பாத்தி வித்தையில் அவர் கெட்டிக்காரர். டிசம்பர் மாதத்தில் மன்னருக்கு அஸ்பாரகஸ் தண்டு பறித்துக் கொடுத்தவர். அவர் 1688-இல் இறந்தார். அவருடைய தோட்டக்கலை நூல் 1690-இல் வெளிவந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வித்தை அரண்மனையை விட்டு வெளியே வந்து பாரிஸ் நகரத் தோட்டக்காரர்களின் தொழிலாக மாறியது. பாரிஸ் தெருக்களில் குதிரை வண்டிகள் நிறைந்திருந்த காலம் அது. லாயங்களில் லத்தி மலைபோல் குவியும். காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன வண்டி, திரும்பும்போது லத்தி ஏற்றிக்கொண்டு வரும். ஊரின் குப்பையே ஊரின் உணவாக மாறிய ஏற்பாடு!

இவர்களிடம் மணி வடிவக் கண்ணாடிக் கூடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. காலிபிளவர் விதையை இலையுதிர்காலத்திலேயே போட்டு, நாற்றை அந்தக் கண்ணாடி மணிகளுக்கு அடியில் குளிர்காலம் முழுக்கக் காப்பாற்றுவார்கள். வெயில் அடித்தால் மணியை ஒரு பக்கம் தூக்கிக் கட்டை கொடுப்பார்கள். இரவில் மூடுவார்கள். கடுங்குளிர் என்றால் வைக்கோல் பாய் போர்த்துவார்கள். ஒரு நாள் மறந்தால் நாற்று வெந்துவிடும் அல்லது உறைந்துவிடும். மோரோ, தாவேர்ன் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் 1845-இல் வெளியிட்ட கையேடு இந்த முறைகளை விரிவாக எழுதி வைத்தது.

ரஷ்யச் சிந்தனையாளர் குரோபோட்கின் 1899-இல் வெளிவந்த தன் நூலில் இவர்களை வியந்து எழுதினார். போன்ஸ் என்ற தோட்டக்காரரின் 2.7 ஏக்கர் நிலத்தில் ஒரே வருடத்தில் 6,000 முட்டைக்கோஸ், 3,000 காலிபிளவர், கூடவே கேரட், வெங்காயம், கீரை என்று விளைந்த கணக்கை அவர் எடுத்துக் காட்டினார். சிறு நிலமே ஒரு நகரத்துக்குச் சோறு போட முடியும் என்பது அவர் வாதம்.

இந்த ஏற்பாடு எதனால் முடிவுக்கு வந்தது தெரியுமா? மோட்டார் கார் வந்தது. தெருவிலிருந்து குதிரை போனது. குதிரையோடு லத்தியும் போனது. நகரம் விரிந்து தோட்டங்களையும் விழுங்கியது.

பீட்டர்ஸ்பர்க்கில் வந்த ஆபத்து

முட்டைக்கோஸ் இல்லாமல் ரஷ்யச் சமையலே இல்லை என்று சொல்லலாம். 'ஷ்சி' என்ற அவர்களது சூப் முட்டைக்கோஸால் ஆனது. இலையுதிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக முட்டைக்கோஸை அரிந்து, உப்பிட்டு, பீப்பாயில் புளிக்க வைப்பார்கள். நீண்ட குளிர்காலத்தில் வைட்டமின் 'சி' தந்தது அந்தப் பீப்பாய்தான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிட்டத்தட்ட 60 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே வளரும் பருவம் மிகக் குறுகியது. ஆகவே சூட்டுப்பாத்தியில் நாற்று வளர்த்து நடுவது அந்த ஊர்த் தோட்டக்காரர்களுக்கு விருப்பம் அல்ல, கட்டாயம்.

1870-களில் அந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஒரு நோய் பெரும் நாசம் செய்தது. நல்ல நாற்றாகத்தான் நட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் நடுப்பகலில் இலை துவளும், மாலையில் நிமிரும். பிறகு நிமிராது. பிடுங்கிப் பார்த்தால் வேர் இருக்க வேண்டிய இடத்தில் வீங்கிப் புடைத்த சதைக்கட்டிகள். ரஷ்யர்கள் இதைக் 'கீலா' என்றார்கள். குடலிறக்கம் என்று அர்த்தம். ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'கிளப் ரூட்', அதாவது தடி போன்ற வேர். தமிழில் வேர்வீக்க நோய் எனலாம்.

காரணம் யாருக்கும் தெரியவில்லை. பூச்சி என்றார்கள் சிலர். எரு சரியில்லை என்றார்கள் சிலர். நிலம் கெட்டுவிட்டது என்றார்கள் வேறு சிலர். ரஷ்யத் தோட்டக்கலைச் சங்கம் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்தது.

இந்தப் புதிரை எடுத்துக்கொண்டவர் மிகயீல் வொரோனின் (1838–1903). வசதியான குடும்பத்தில் பிறந்தவர். தாவர நோயியலின் தந்தை எனப்படும் ஜெர்மானிய அறிஞர் டி பாரியிடம் பயின்றவர். பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுக்குள் பாக்டீரியா போன்ற உயிர்கள் இருப்பதை 1866-லேயே கவனித்து எழுதியவரும் இவர்தான். வேருக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்குப் பழகிய வேலை.

1873-இல் வேலையைத் தொடங்கினார். வீங்கிய வேர்களை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். செல்களுக்குள் சுவரே இல்லாத கூழ் போன்ற ஓர் உயிர் பரவியிருந்தது. பின்னர் அதே செல்கள் முழுக்க நுண்ணிய வித்துகள் நிரம்பியிருந்தன. நோயுற்ற வேரின் துணுக்குகள் கலந்த மண்ணில் இளம் நாற்றுகளை வளர்த்தார். அவற்றுக்கும் நோய் வந்தது. பூச்சியும் இல்லை, எருவும் இல்லை, இந்த உயிர்தான் காரணம்! அதற்கு 'பிளாஸ்மோடியோஃபோரா பிராசிகே' என்று பெயர் வைத்து 1878-இல் விரிவான ஆய்வை வெளியிட்டார்.

அது பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. ஒற்றைச் செல் உயிர்களின் தனி வகை. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள், சில சமயம் 20 ஆண்டுகள் வரைகூட உறங்கிக் கிடக்கும். அருகே முட்டைக்கோஸ் குடும்பத்து வேர் வந்தால் விழித்துக்கொள்ளும். நீரில் நீந்தி வந்து வேர்த்தூவிக்குள் நுழையும். ஈரமான, அமிலத்தன்மையுள்ள மண் அதற்குச் சொர்க்கம்.

வொரோனின் சொன்ன பரிகாரங்கள் மூன்று. அறுவடைக்குப் பின் வேர்களையும் அடித்தண்டுகளையும் நிலத்தில் விடாமல் எரிக்க வேண்டும். அதே நிலத்தில் மறுபடி மறுபடி முட்டைக்கோஸ் வைக்காமல் பயிரை மாற்ற வேண்டும். மூன்றாவது, நடும்போது ஒவ்வொரு நாற்றையும் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் சங்கடம். நோய் தொற்றிய புதிதில் நாற்றின் வேரில் கட்டி தெரியாது. இலை பச்சைப் பசேலென்று இருக்கும். தண்டு திடமாக இருக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு அது முதல்தரமான நாற்று. அவர் தன் நிலத்துக்குக் கொண்டுபோவது ஒரு செடியை மட்டுமல்ல, பல ஆண்டுகளுக்குப் போகாத நோயையும்தான். நாற்றங்கால் ஒன்று கெட்டால் அதிலிருந்து நாற்று போன தோட்டங்கள் அத்தனையும் கெடும். திடமான நாற்று என்பது கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதை பீட்டர்ஸ்பர்க் தோட்டக்காரர்கள் தங்கள் பிழைப்பைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

விதைக்குள் ஒளிந்திருந்த எதிரி

மண்ணில் இருந்த எதிரி பிடிபட்டான். அடுத்து விதை.

1890-களில் அமெரிக்காவின் முட்டைக்கோஸ் வயல்களில் இலை ஓரம் ஆங்கில 'வி' எழுத்துப்போல மஞ்சளாகி, நரம்பு கறுத்து, தலை அழுகும் நோய் பரவியது. கருப்பு அழுகல் நோய் என்று பெயர். 1895-இல் அயோவாவில் பாம்மெல் என்ற அறிஞர் இதற்குக் காரணமான பாக்டீரியாவை விவரித்தார். எர்வின் ஸ்மித் என்பவர் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பாக்டீரியா செடிகளில் நோய் உண்டாக்கும் என்பதையே ஐரோப்பிய அறிஞர்கள் சிலர் நம்ப மறுத்த காலம் அது.

1904-இல் நியூயார்க் மாநில ஆய்வாளர்கள் இந்தக் கிருமி விதையின் மேல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று காட்டினார்கள். விதை வாங்கும்போதே நோயையும் சேர்த்து வாங்க முடியும் என்று ஆகிவிட்டது! விஸ்கான்சினைச் சேர்ந்த வாக்கர் 1923-இல் வெந்நீர் முறையைப் பற்றி எழுதினார். விதையை 50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சுமார் 25 நிமிடம் ஊற வைத்தால் விதை பிழைக்கும், கிருமி சாகும். சூடு கொஞ்சம் கூடினால் விதையே செத்துவிடும். கொஞ்சம் குறைந்தால் கிருமி தப்பிவிடும். இந்த முறை இன்றைக்கும் பயன்பாட்டில் இருக்கிறது.

இதே காலத்தில் நாற்று ரயிலேறவும் ஆரம்பித்தது. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் நகருக்கு அருகிலுள்ள யங்ஸ் தீவிலிருந்து, பனி தாங்கும் முட்டைக்கோஸ் நாற்று என்று விளம்பரம் செய்து 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள். பிறகு ஜார்ஜியாவின் டிப்டன் பகுதி பெரிய நாற்று வயலாக மாறியது. தெற்கே இதமான குளிரில் திறந்த வயலில் வளர்ந்த நாற்று, வடக்கே பனி விலகும் நேரத்துக்குப் போய்ச் சேரும். நல்ல வியாபாரம்தான். ஆனால் நோய்க்கும் அதே ரயிலில் இலவச டிக்கெட் கிடைத்தது.

மண்ணை வேகவைத்தவர்கள்

முளைத்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்துச் சுருங்கும். நாற்று சாய்ந்துவிடும். ஒன்று சாய்ந்தால் தட்டு முழுக்கச் சாயும். இதுதான் நாற்றழுகல். மண்ணிலுள்ள பித்தியம் போன்ற உயிரிகள் செய்கிற வேலை. நெருக்கமாக விதைப்பதும், தண்ணீரைக் கொட்டுவதும், காற்றோட்டம் இல்லாமல் மூடி வைப்பதும் அவற்றுக்கு விருந்து.

1930-களில் லண்டன் அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னெஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் ஆராய்ச்சிக்காக வளர்த்த பிரிமுலா நாற்றுகள் இப்படிச் செத்து விழுந்தன. அங்கே பணியாற்றிய லாரன்ஸ், நியூவெல் இருவரும் இதற்கு ஒரு முடிவு கட்ட இறங்கினார்கள். அதுவரை ஒவ்வொரு தோட்டக்காரரிடமும் ஒவ்வொரு ரகசிய மண்கலவை இருந்தது. இவர்கள் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து, எல்லாவற்றுக்கும் பொதுவான கலவை ஒன்றைக் கண்டார்கள். விதைப்புக்கு இரண்டு பங்கு வளமண், ஒரு பங்கு பீட், ஒரு பங்கு மணல், கூடவே கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், சுண்ணாம்பு. முக்கியமான நிபந்தனை, வளமண்ணை முதலில் நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்க வேண்டும்.

அந்த நிறுவனம் இதைக் காப்புரிமை எடுத்து விற்கவில்லை. செய்முறையை அப்படியே வெளியிட்டது. 1939-இல் போர் மூண்டு, வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லிப் பிரிட்டிஷ் அரசு பிரசாரம் தொடங்கியபோது அந்தத் திறந்த செய்முறை எல்லோருக்கும் உதவியது. இன்றும் பிரிட்டன் கடைகளில் ஜான் இன்னெஸ் என்ற பெயரில் மண்கலவை கிடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஜான் இன்னெஸ் ஒரு வியாபாரி. நிறுவனத்துக்குச் சொத்தை எழுதி வைத்துவிட்டு 1904-லேயே இறந்துபோனவர். இந்தக் கலவையை அவர் பார்த்ததே இல்லை!

டார்வினும் நெட்டை நாற்றும்

ஜன்னலோரம் வளர்க்கும் முட்டைக்கோஸ் நாற்று நூல்போல நீண்டு, வெளிறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். ஏன் அப்படி?

1880-இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் செடிகளின் அசைவைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதன் முதல் அத்தியாயத்தில் முதலில் வரும் செடி எது தெரியுமா? சாட்சாத் முட்டைக்கோஸ் நாற்றுதான்! மெல்லிய கண்ணாடி இழையை நாற்றில் ஒட்டி, அதன் அசைவை மணிக்கணக்கில் கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்து வரைந்தார்கள். அசையாமல் நிற்பதாகத் தோன்றும் நாற்று உண்மையில் ஓயாமல் சுற்றிச் சுற்றி அசைகிறது என்று காட்டினார்கள். புல் நாற்றுகளின் நுனிக்குத் தொப்பி போட்டு, வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது கீழே என்றும் கண்டார்கள். நுனியிலிருந்து ஏதோ ஒரு செய்தி கீழே இறங்குகிறது என்பது அவர்கள் ஊகம். அந்தச் செய்தியைச் சுமக்கும் பொருளை 1926-இல் ஹாலந்து நாட்டு இளைஞர் வென்ட் பிரித்துக் காட்டினார். அதுதான் ஆக்ஸின்.

வெளிச்சம் குறைந்தால் நாற்று தன் சக்தியை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவிடும். மேலே போனால் வெளிச்சம் கிடைக்கும் என்ற கணக்கு. பக்கத்தில் நெருக்கமாக வேறு இலைகள் இருந்தாலும் அதே கதை. இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பு ஒளியை விட்டுவிடும். அந்த வேறுபாட்டை வைத்தே 'போட்டியாளன் வந்துவிட்டான்' என்று நாற்று புரிந்துகொள்ளும். இதை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமியை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகம் 1950-களில் கண்டறிந்தது.

காற்றுக்கும் பங்கு உண்டு. அடிக்கடி தொட்டு அசைக்கப்படும் செடி குட்டையாகவும் தடிமனாகவும் வளரும் என்று 1973-இல் ஜாஃப் என்ற அறிஞர் விளக்கினார். பாரிஸ் தோட்டக்காரர் தினமும் கண்ணாடி மணியைத் தூக்கிக் காற்று விட்டதன் பலன்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

அளவான குளிர்

வெதுவெதுப்பில் வளர்ந்த நாற்றை நேரே பனியில் நட்டால் செத்துப்போகும். அதே நாற்றை ஒரு வாரம், பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரிலும் காற்றிலும் வைத்து, தண்ணீரையும் சற்றுக் குறைத்துப் பழக்கினால் லேசான உறைபனியைத் தாங்கும். தோட்டக்காரர்கள் அனுபவத்தில் அறிந்த இதை அமெரிக்காவில் ஹார்வி 1918-இலும், ரோசா 1921-இலும் முட்டைக்கோஸ் நாற்றை வைத்தே ஆராய்ந்தார்கள். குளிரில் பழகும்போது செல்லுக்குள் இருக்கும் பொருட்களே மாறுகின்றன, உறையும் குளிரிலும் செல் தன் நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தது.

அப்படியானால் நிறையக் குளிர் கொடுத்தால் இன்னும் நல்லதா? அங்கேதான் பொறி. 1929-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்லர், நாற்றுகளை இரண்டு மாதம் 4 முதல் 10 டிகிரி குளிரில் வைத்தால் அவை தலை கட்டாமல் பூந்தண்டு விட்டுவிடும் என்று காட்டினார். அதே ஆண்டில் மேரிலாந்தின் பாஸ்வெல், பெரிய நாற்றுதான் இந்த ஆபத்தில் அதிகம் சிக்குகிறது என்றார். பென்சில் தடிமனைத் தாண்டிய நாற்று குளிர்காலம் வந்து போய்விட்டதாக எண்ணி, விதை போடும் வேலையில் இறங்கிவிடும். சின்ன நாற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆகவே சீக்கிரமே விதைத்துப் பெரிய நாற்றாக நட்டால் முந்திவிடலாம் என்று நினைப்பவருக்குக் கடைசியில் கிடைப்பது மஞ்சள் பூ மட்டுமே!

இன்றைக்கும் முடியாத கதை

நீலகிரியில் 1820-களில் ஜான் சல்லிவன் ஐரோப்பியக் காய்கறிகளைக் கொண்டுவந்தபோது இந்தக் குடும்பம் தமிழ்நாட்டு மலையேறியது. இன்று முட்டைக்கோஸ் பொரியல் இல்லாத கல்யாணப் பந்தியைத் தேட வேண்டும்.

ஆனால் எதிரியும் ஓய்ந்துவிடவில்லை. 2003-இல் கனடாவின் எட்மன்டன் அருகே, முட்டைக்கோஸின் உறவான கனோலா வயல்களில் வொரோனினின் அதே வேர்வீக்க நோய் தென்பட்டது. இம்முறை அது டிராக்டர் சக்கரத்து மண்ணோடு ஊர் ஊராகப் போனது. நோய் தாங்கும் ரகங்கள் வந்தன. சில ஆண்டுகளிலேயே அவற்றையும் தாண்டிய கிருமி வகைகள் வந்துவிட்டன. எரிப்பது, பயிரை மாற்றுவது, சுத்தமான நாற்றைத் தேர்வது என்று 1878-இல் சொன்ன பரிகாரங்கள் இன்னமும் காலாவதியாகவில்லை.

2,000 வருடத்தில் தெரிந்துகொண்டதைக் கூட்டிப் பார்த்தால், திடமான நாற்று என்பது உயரமான நாற்றும் இல்லை, பெரிய நாற்றும் இல்லை. நிறைய வெளிச்சம், அளவான சூடு, கொஞ்சம் காற்று, பழக்கிய குளிர், சுத்தமான விதை, சுத்தமான மண். இவை சரியாக இருந்தால் நாற்று குட்டையாக, கருகருவென்ற பச்சையில், ஐந்தாறு இலையோடு நிற்கும். கொலுமெல்லா சொன்ன அதே ஆறு இலை!

நாற்று வாங்குகிற விவசாயி இலையைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். வேரில் என்ன இருக்கிறது என்பது அதை வளர்த்தவருக்கே தெரியும், சில சமயம் அவருக்கும் தெரியாது. அந்த நம்பிக்கையின் மேல்தான் ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சாப்பாடு நிற்கிறது.